எஸ்எல்ஆரும் அவசரக் கையும்

செமி-ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் குறி தப்புவதற்கு, நான் பார்த்தவரை முதல் காரணம் அடுத்த தோட்டா தானாகவே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவதுதான். பழைய .303 போல்ட் ரைஃபிளில் அந்த வசதி கிடையாது. ஒரு ரவுண்டு சுட்டதும் விசையிலிருந்து கையை எடுத்து, போல்ட்டைத் தூக்கி இழுத்து, காலி கேஸ் வெளியே விழுந்த பிறகு மறுபடி தள்ளிப் பூட்ட வேண்டும். அந்த வேலை முடிவதற்குள் மூச்சு ஒரு நிலைக்கு வந்துவிடும், மனசும் அடங்கிவிடும். எஸ்எல்ஆர், அதாவது தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் செல்ஃப் லோடிங் ரைஃபிள், அப்படி இல்லை. குண்டைத் தள்ளிய வாயுவில் ஒரு பங்கு பிஸ்டனைத் தள்ளும்; பிஸ்டன் போல்ட்டைப் பின்னுக்கு அனுப்பும்; காலி கேஸ் வெளியே பறக்கும்; மகசினிலிருந்து அடுத்தது ஏறும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது. விரல் இன்னும் விசையில்தான் இருக்கும். முதல் ரவுண்டு எங்கே போனது என்று தெரியுமுன்னே இரண்டாவதும் கிளம்பிவிடும்.

மகசினில் 20 ரவுண்டு போடலாம் என்பதே பலருக்கு ஒரு தைரியம். இருபதில் எதாவது பட்டுவிடாதா என்ற எண்ணம். படும்தான், ஆனால் எங்கே படும் என்பது அவர்கள் கையில் இருக்காது.

நான் எண்பதுகளில் மதராஸ் ரெஜிமெண்டில் சேர்ந்தவன். கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாக்காரன். எங்கள் பக்கத்துக்கும் அந்த ரெஜிமெண்டுக்கும் பழைய பந்தம். அதன் ஒன்பதாவது பட்டாலியன் திருவிதாங்கூர் அரசரின் காவல்படையாக 1704-இல் பத்மநாபபுரத்தில் தொடங்கியது என்று பட்டாளத்தில் பெருமையாகச் சொல்வார்கள். 1741 குளச்சல் போருக்குப் பிறகு டச்சுக் கம்பெனிப் படையில் வந்து பிடிபட்ட டிலனாய் திருவிதாங்கூர் படைக்கு ஐரோப்பியப் பாணியில் கவாத்தும் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுத்தார். அவர் கல்லறை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கிறது. வெலிங்டனில் பயிற்சி எடுக்கும்போது இதையெல்லாம் நினைக்க நேரம் இருக்காது. நீலகிரிக் குளிரில் ஈரத் தரையில் படுத்துக்கொண்டு, பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கத்துவதைக் கேட்பதற்கே நேரம் சரியாக இருக்கும். மஜ்பூத் பகட், துருஸ்த் ஷிஸ்த், சஹி ட்ரிகர் ஆபரேஷன். உறுதியான பிடி, சரியான குறி, ஒழுங்கான விசை. இந்த மூன்றையும் சொல்லாத உஸ்தாத் இந்தியப் பட்டாளத்தில் இல்லை. சொல்வது எளிது. ஒவ்வொரு ரவுண்டிலும் அதையே திருப்பிச் செய்வதுதான் பாடு.

இதை எழுதத் தூண்டியவன் என் தங்கச்சி மகன். ஆயுதப்படைப் போலீஸில் இருக்கிறான். வருடாந்திர ஃபயரிங் நெருங்கியதும் போன் வந்தது.

“மாமா, எனக்குத் தந்த ரைஃபிளு சரியில்ல. எத்தன போட்டாலும் வலதுல கீழயே போவுது. முன்குறிய மாத்தச் சொல்லவா?”

“லேய் மக்களே, எல்லாம் வலது கீழ ஒரே எடத்துலயா, இல்ல வலதுல கீழ செதறிக் கெடக்கா?”

அதை அவன் பார்க்கவில்லை. பெரும்பாலானவர்கள் பார்ப்பதில்லை. டார்கெட் நிற்கும் மேட்டில் மார்க்கர் காட்டும் இடத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரவுண்டுக்குக் குறியை மாற்றிப் பிடிப்பார்கள். வலதில் பட்டால் இடதில் பிடிப்பது, கீழே பட்டால் மேலே பிடிப்பது. ஐந்து ரவுண்டுக்கு ஐந்து இடத்தில் குறி பிடித்தால் டார்கெட்டில் மிச்சமிருப்பது வெறும் ஓட்டைகள். அதிலிருந்து ரைஃபிளைப் பற்றியும் எதுவும் தெரியாது, சுட்டவனைப் பற்றியும் தெரியாது.

முதலில் குரூப்பிங். 100 மீட்டரில், அல்லது ரேஞ்ச் சின்னதென்றால் 25 மீட்டரில், ஐந்து ரவுண்டும் ஒரே புள்ளியைப் பார்த்தே போக வேண்டும். முதல் ரவுண்டு டார்கெட்டிலேயே படாமல் வாஷ்அவுட் ஆனாலும் சரி, குறியை நகர்த்தக் கூடாது. ஐந்தும் முடிந்த பிறகு டார்கெட்டிடம் போய்ப் பார்க்க வேண்டும். ஐந்து ஓட்டையும் நெருங்கி இருந்து, எல்லாம் சேர்ந்து வலதில் கிடந்தால் சுட்டவன் மேல் குற்றம் இல்லை; குறி தள்ளியிருக்கிறது, ஜீரோ செய்தால், அதாவது குறி பார்க்கும் இடத்திலேயே குண்டு படும்படி குறியைத் திருத்தினால் போதும். ஓட்டைகள் சிதறிக் கிடந்தால் முன்குறியைத் திருகிப் பிரயோசனமில்லை, சுடுகிறவனைத்தான் திருத்த வேண்டும். நல்ல நிலையில் உள்ள எஸ்எல்ஆர், பழகிய கையில் 100 மீட்டரில் சுமார் 10 சென்டிமீட்டருக்குள் குரூப் தரும். அதே கை அதே ரைஃபிள் 300 மீட்டரில் 30 சென்டிமீட்டர் ஆகும். கிட்டத்தில் செய்த பிசகு தூரத்தில் அப்படியே பெருகுகிறது, அவ்வளவுதான் கணக்கு.

ஜீரோ செய்வதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். எஸ்எல்ஆரில் மேல்-கீழ் திருத்தம் முன்குறியில், வலது-இடது திருத்தம் பின்குறியில். முன்குறியை மேலே ஏற்றினால் குண்டு கீழே போகும். இறக்கினால் மேலே போகும். பின்குறி நேர் எதிர்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். இரண்டு பக்கமும் திருகாணி இருக்கிறது. ஒன்றைத் தளர்த்தித்தான் மற்றதை முறுக்க முடியும். வேலை முடிந்ததும் இரண்டும் இறுகியிருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால், இருபது முப்பது ரவுண்டில் அது தானாக நகரும். இதெல்லாம் துப்பாக்கியைப் பழுது பார்க்கும் ஆர்மரர் கையில் கருவி கொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. பேனாக்கத்தி முனையால் திருகுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். பாவம் அந்தத் திருகாணி.

மருமகன் அடுத்த முறை சுட்டபோது ஓட்டைகளை ஒரு தாளில் வரைந்து வாட்ஸாப்பில் அனுப்பினான். மூன்று நெருக்கமாக நடுவில், இரண்டு வலது கீழே ஓடிப்போய்க் கிடந்தன. ரைஃபிள் சரியாக இருக்கிறது என்று அந்தப் படமே சொல்லிவிட்டது. அந்த இரண்டில் அவன் விசையை இழுத்திருக்கிறான், அழுத்தவில்லை. வலதுகைக்காரன் வெடி வருமுன்னே தோளை முன்னால் தள்ளி விசையைப் பறித்தால் ரைஃபிளில் குண்டு பெரும்பாலும் இப்படித்தான் வலது கீழே ஓடும்.

விசைக்கு வருகிறேன். எஸ்எல்ஆர் விசை கனமானது. போட்டி ரைஃபிள் விசைபோலத் தொட்டதும் விடாது. முதலில் கொஞ்சம் தளர்வாக வரும், பிறகு ஒரு இடத்தில் நிற்கும், அங்கிருந்துதான் எடை. அந்த எடைக்குப் பயந்து எல்லோரும் ஒரேயடியாக இழுக்கிறார்கள். விரலின் முதல் கணுவுக்கு முன்னாலுள்ள சதைப்பகுதியை விசையில் வைத்து, தளர்வை எடுத்துவிட்டு, பிறகு அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். எப்போது வெடிக்கும் என்று சுடுகிறவனுக்கே சரியாகத் தெரியக் கூடாது. எங்கள் ஊரில் ரப்பர் பால்வெட்டுகிறவர்களைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தடிக்குள் கத்தி இறங்காமல், பட்டையை மட்டும் சீவி, நேற்றைய வெட்டுக்குக் கீழே அதே சாய்வில் அதே ஆழத்தில் ஒரு இழை எடுப்பார்கள். விடியுமுன்னே முந்நூறு மரம் இருந்தாலும் கடைசி மரத்துக்கும் அதே கைதான்.

வெடிப்புக்கு முன்னே உடம்பு பதறுவதைச் சுடுகிறவனால் பிடிக்க முடியாது. சத்தமும் உதையும் சேர்ந்து வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். அதற்கு ஒரு பழைய வழி உண்டு. பக்கத்தில் இருப்பவர் மகசினை நிரப்பும்போது, நடுநடுவே டம்மி தோட்டாவையும் சேர்த்துவிடுவார். எது எப்போது வரும் என்று சுடுகிறவனுக்குத் தெரியாது. டம்மி வரும்போது க்ளிக் என்று மட்டும் கேட்கும். அப்போது குழல்முனை கீழே ஒரு முங்கு முங்கினால், உண்மைத் தோட்டாவிலும் அதையேதான் செய்திருக்கிறான் என்று அர்த்தம். வெட்கமாக இருக்கும். நல்லது. மருமகனின் பிரிவில் அவன் சொல்லி இதைச் செய்து பார்த்தார்கள். முங்காத குழல் ஒன்றிரண்டுதானாம்.

இந்தப் பதற்றத்துக்குக் காரணம் உதையைவிடச் சத்தம். எஸ்எல்ஆரின் 7.62 தோட்டாவின் சத்தம் காதுக்குள் அறையும். எங்கள் காலத்தில் பஞ்சைத் திணித்துக்கொள்வோம், அது பெயருக்குத்தான். இப்போது நல்ல காதடைப்பான் மலிவாகக் கிடைக்கிறது. ரைஃபிளில் எதையும் தொடாமல் குறியைத் திருத்தும் முதல் சாமான் எது என்று கேட்டால் நான் காதடைப்பானைத்தான் சொல்வேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர்களில் எத்தனை பேருக்குக் காது மந்தம் என்று எங்கள் முன்னாள் படைவீரர் கூட்டத்துக்கு வந்து பார்த்தால் தெரியும். ஒரு விஷயத்தை மூன்று தடவை சொல்ல வேண்டும்.

தோட்டா இல்லாமல் பயிற்சி செய்வதைப் பலர் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைக்கிறார்கள். விசைப் பழக்கத்தில் முக்கால்வாசி அங்கேதான் வரும். ஆயுதங்கள் வைக்கும் கோத்தில் அனுமதி வாங்கி, ரைஃபிளைக் காலி செய்து, ஒரு பாதுகாப்பான திசையில் சுவரில் கறுப்புப் புள்ளி ஒன்றை வைத்துக் குறி பிடித்து விசையை அழுத்துவது. கூட்டாளி ஒருவர் குழலின் நுனியில் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். விசை விடும்போது நாணயம் விழாமல் இருக்க வேண்டும். கேட்க எளிது; செய்து பார்த்தால் தெரியும்.

காலி செய்வது என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. செமி-ஆட்டோமேட்டிக்கில், மகசினில் தோட்டா மிச்சமிருந்தால், சுட்டு நிறுத்திய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா இருக்கும். மகசினைக் கழற்றியதும் ரைஃபிள் காலி என்று நினைப்பவனும், மகசினைக் கழற்றாமலே போல்ட்டை இழுத்துவிட்டு காக் பண்ணிப் பார்ப்பவனும் ஒரே ஆபத்தில் நிற்கிறார்கள். பின்னவன் காக் பண்ணும் ஒவ்வொரு முறையும் புதுத் தோட்டாவைத்தான் ஏற்றுகிறான். முதலில் மகசின் வெளியே. பிறகு காக். பிறகு கண்ணால் பார்த்து, இருட்டாக இருந்தால் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பது. இதில் வயது, ராங்க், அனுபவம் எதுவும் கணக்கில்லை.

இனி உடம்பு. இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் எனக்கு அலுக்காது. படுத்துச் சுடும்போது ரைஃபிளைத் தாங்க வேண்டியது எலும்பு, தசை இல்லை. தசையால் பிடித்தால் அரை நிமிடத்தில் நடுங்கும். இடது முழங்கை ரைஃபிளுக்கு நேர் கீழே வர வேண்டும், வெளியே விரிந்து போகக் கூடாது. ரைஃபிளின் பின்கட்டையான பட் தோள்குழியில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும். கன்னமும் அப்படித்தான், ஒரு ரவுண்டுக்கு மேலே, ஒரு ரவுண்டுக்குக் கீழே என்று வைத்தால் கண் குறித்துளைக்குப் பின்னால் இடம் மாறிவிடும்.

இவ்வளவும் சரியாக வைத்த பிறகு ஒரு சோதனை. குறி பிடித்துவிட்டுக் கண்ணை மூட வேண்டும். இரண்டு மூச்சு இழுத்து விட வேண்டும். உடம்பைத் தளர்த்திவிட வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் குறி எங்கே நிற்கிறது? அங்கேதான் அந்த உடம்பு சுட விரும்புகிறது. அது டார்கெட்டுக்கு இடதில் இருந்தால் கையால் தள்ளி நடுவுக்குக் கொண்டுவரக் கூடாது. தள்ளிப் பிடித்த ரைஃபிள் விசை விடும் நேரத்தில் பழைய இடத்துக்கே போகும். முழங்கையை நட்ட இடத்திலேயே வைத்துக்கொண்டு இடுப்பையும் காலையும் கொஞ்சம் நகர்த்தினால் குறி தானே நடுவுக்கு வரும். மறுபடி கண்ணை மூடித் திறந்து பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் பொறுமை இருக்காது. என்சிசி முகாமில் கேடட்டுகளைப் படுக்க வைத்து இதைச் சொன்னால், “கண்ண மூடிட்டு எப்பிடி அங்கிள் சுடது?” என்று சிரிப்பார்கள். அவர்கள் சுடுவது .22 போல்ட் ரைஃபிள், 25 மீட்டர் தூரம். அங்கே இது கொஞ்சம் பிசகினாலும் பெரிதாகத் தெரியாது. எஸ்எல்ஆரில் இதற்குத் தனிப் பயன் இருக்கிறது. உடம்பு சரியாகப் படுத்திருந்தால், உதைக்குப் பிறகு குழல் தானாகவே பழைய இடத்துக்கு வந்து நிற்கும். ஒவ்வொரு வெடிக்கும் பின் குறி ஒரே பக்கமாக ஒதுங்கிப் போய் நின்றால், படுத்த கோணம் தப்பு என்று ரைஃபிளே சொல்கிறது.

இந்த இடத்தில்தான் தொடக்கத்தில் சொன்ன அவசரத்துக்கு மருந்து. வெடித்ததும் விசையை விடாமல் பின்னாலேயே அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். ரைஃபிள் உதைத்து, ஏற்றி, திரும்பி வந்து அடங்கட்டும். குறி மறுபடி டார்கெட்டில் உட்காருவதைக் கண்ணால் பார்த்த பிறகு, விரலை மெல்லத் தளர்த்தினால் சின்னதாக ஒரு ‘டிக்’ கேட்கும், விரலிலும் தெரியும். விசை மறுபடி தயார். அதற்கு மேல் விரலை விசையிலிருந்து எடுக்க வேண்டியதில்லை, அங்கிருந்தே அடுத்த அழுத்தம். இப்படிச் செய்தால் ஒவ்வொரு ரவுண்டும் தனி ரவுண்டு ஆகிவிடும். வேகமும் பெரிதாகக் குறையாது. விரலைத் தூக்கி மறுபடி அறைவதைவிட இதுதான் உண்மையில் சீக்கிரம்.

இன்னொன்று: வெடித்த நொடியில் குறி எங்கே நின்றது என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். டார்கெட்டைக் கடிகார முகமாக நினைத்து, “ரெண்டு மணி, நடுவுக்கு வெளியே” என்று மார்க்கர் காட்டுமுன்னே சொல்வது. மருமகனிடம் இதை மட்டும் வீட்டுப்பாடமாகச் சொன்னேன். முதலில் அவன் சொன்னதற்கும் டார்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பிறகு ஒத்துவர ஆரம்பித்தது. ஒத்துவந்ததும் அந்த வலது கீழ்ப் பிரச்சினையைப் பற்றி அவன் என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டான்.

மூச்சைப் பற்றி நிறையச் சொல்வார்கள். பாதி விட்டுப் பாதி பிடி, முழுதும் விட்டுப் பிடி என்று. எனக்குத் தெரிந்தது இவ்வளவு: மூச்சு விட்டு முடிந்ததும் இயல்பாக ஒரு நிறுத்தம் வரும். அதில் சுட வேண்டும். ஏழெட்டு நொடிக்குள் விசை விடவில்லை என்றால் விட்டுவிட்டு மறுபடி மூச்சு எடுக்க வேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் கண் மங்கும், கை நடுங்கும், அப்புறம் “இப்ப விட்டாத்தான் உண்டு” என்று விசையைப் பறிக்கத் தோன்றும்.

கண் டார்கெட்டைப் பார்க்கக் கூடாது, முன்குறியின் நுனியைப் பார்க்க வேண்டும். இதை எல்லோரும் சொல்வார்கள், ஏன் என்று சொல்ல மாட்டார்கள். எஸ்எல்ஆரில் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் சுமார் 55 சென்டிமீட்டர். அதில் முன்குறி ஒரு மில்லிமீட்டர் ஒதுங்கினால் 100 மீட்டரில் 18 சென்டிமீட்டர், 300 மீட்டரில் அரை மீட்டருக்கு மேல் தள்ளும். டார்கெட் கொஞ்சம் மங்கலாகத் தெரிவதால் வரும் நஷ்டம் இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. பின்குறித் துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும், அதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

பழைய ரைஃபிள்களில் முன்குறியின் கறுப்பு தேய்ந்து பளபளக்கும். பக்கவாட்டு வெயிலில் ஒரு ஓரம் மட்டும் மின்னும். கண் அந்த ஓரத்தை வைத்து நடுவைத் தப்பாக எடுக்கும், குரூப் மொத்தமாக ஒரு பக்கம் ஒதுங்கும். காலையில் ஒரு பக்கமும் மாலையில் இன்னொரு பக்கமும் அடிக்கிறது என்று புகார் வந்தால் நான் முதலில் முன்குறியைத்தான் பார்ப்பேன். காலி ரைஃபிளில், தோட்டா இருக்கும் இடத்திலிருந்து தள்ளி நின்று, சூடத்தைக் கொளுத்தி அந்தப் புகையை முன்குறியில் காட்டினால் பளபளப்பில்லாத கறுப்பு ஏறும். கை பட்டால் போய்விடும், ஆனால் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போதும். போட்டிக்காரர்களும் இதைச் செய்வதுண்டு.

ரைஃபிளைக் குறை சொல்ல எப்போது நியாயம் உண்டு? எஸ்எல்ஆரில் ஒரு அமைப்புக் கோளாறு இருக்கிறது. முன்குறி குழலோடு மேல் பாதியில் இருக்கிறது. பின்குறி விசை இருக்கும் கீழ்ப் பாதியில் இருக்கிறது. சுத்தம் செய்ய இரண்டையும் கீல் வைத்த பெட்டிபோல் மடக்கித் திறக்கலாம். அந்தக் கீலும் பூட்டும் தேய்ந்து இரண்டு பாதிக்கும் இடையில் ஆட்டம் வந்துவிட்டால், எவ்வளவு ஜீரோ செய்தாலும் நிற்காது. மூடிய ரைஃபிளை இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தால் தெரியும். கடகடவென்றால் ஆர்மரரிடம் கொடுக்க வேண்டும். ஜீரோ செய்த பிறகு தேவையில்லாமல் திறந்து மூடுவதையும் தவிர்க்கலாம்.

குழல் எதன் மேலும் சாயக் கூடாது. மணல்மூட்டை கிடைத்ததும் குழலை அதன் மேல் வைத்துச் சுடுவார்கள். மூட்டை குழலை மேலே தள்ளும், குண்டு போகும் இடம் மாறும். மூட்டையின் மேல் கை, கையின் மேல் ரைஃபிள். எஸ்எல்ஆரில் முன்பக்க ஸ்லிங் வளையமும் குழலோடு சேர்ந்தது என்பதால் ஸ்லிங்கைக் கையில் சுற்றி முறுக்கி இழுத்தாலும் இதே கதைதான். முறுக்குவதென்றால் ஜீரோ செய்தபோது எவ்வளவு முறுக்கினாயோ அவ்வளவே முறுக்க வேண்டும்.

சுத்தம் செய்வதில் எங்கள் மாவட்டத்துக்கென்று ஒரு வியாதி உண்டு: தேங்காய் எண்ணெய். வீட்டில் தலைக்கும் அதுதான், சமையலுக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான். ஏர் ரைஃபிள் வைத்திருக்கும் பையன்கள் அதையே பேரலிலும் விடுகிறார்கள். நாளாக ஆக அது பிசினாகி ஒட்டும். மலைப்பக்கம் குளிருக்குக் கொண்டுபோனால் உறையவும் செய்யும். ரைஃபிள் எண்ணெய் என்று தனியாக இருப்பது சும்மா இல்லை. அதே சமயம் எதுவும் பூசாமலும் விட முடியாது. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக்காற்றில் இரும்பு இரண்டு மூன்று நாளில் செம்பட்டை காட்டும். ஆகவே சேமித்து வைக்கும்போது மெல்லிய எண்ணெய். சுடுமுன் குழலுக்குள் துணித்துண்டு விட்டு எண்ணெயை முழுக்கத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய் உள்ள குழலின் முதல் ஒன்றிரண்டு ரவுண்டு மற்றவற்றோடு சேராது. காஸ் பிஸ்டனும் காஸ் பிளக்கும் எண்ணெயில்லாமல் உலர்ந்தே இருக்க வேண்டும், இல்லையென்றால் கரி கட்டும். குழல் துடைக்கும் கயிறான புல்த்ரூவை அறைப்பக்கமிருந்து நுழைத்துக் குழல்முனை வழியாக நேராக இழுக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கயிறு குழல்முனையின் விளிம்பை அரித்துவிடும். குண்டு கடைசியாகத் தொட்டுச் செல்லும் இடம் அதுதான். அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் குரூப் விரியும்.

பிஸ்டனுக்குப் போகும் வாயுவைக் கூட்டிக் குறைக்கும் காஸ் ரெகுலேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வாயு குறைந்தால் காலி கேஸ் சரியாக வெளியே போகாது. அதிகமானால் தேவைக்கு மேல் உதைக்கும், குழல் திரும்பி வர நேரம் எடுக்கும், பாகங்களும் அடிவாங்கும். ஒழுங்காக வேலை செய்யும் அளவுக்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்து நிறுத்த வேண்டும். பயத்தில் அதை முழுசாக மூடி எல்லா வாயுவையும் பிஸ்டனுக்கே அனுப்புகிறவர்கள் பாதி உதையைத் தாங்களே சம்பாதித்துக்கொள்கிறார்கள்.

காற்று வேறு ஊர்க்காரர்களுக்கு இரண்டாம் பட்சம், எங்களுக்கு இல்லை. ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் மேல்காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அவ்வளவு காற்றாலைகள் நிற்கின்றன. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடிக்கும் காற்று 7.62 குண்டை 300 மீட்டரில் ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளும். 100 மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர்தான், கவனிக்க வேண்டாம். .22 குண்டு மெதுவானது, இலேசானது. அதே காற்றில் 50 மீட்டரிலேயே இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஓடிவிடும். ஆடிக்காற்றோ இதைவிடப் பல மடங்கு, அதுவும் ஒரே சீராக அடிக்காது. காற்றைக் கணக்குப் போட்டு ஒதுக்கிப் பிடிப்பதைவிட, ஓய்கிற நேரம் பார்த்துச் சுடுவது எளிது. ரேஞ்சின் ஓரத்துப் புல்லைப் பார்த்தால் போதும். ஜீரோ செய்யும் வேலையை மட்டும் காலையில் காற்று கிளம்புமுன்னே முடித்துவிட வேண்டும். காற்றில் ஜீரோ செய்த ரைஃபிள் காற்றில்லாத நாளில் பொய் சொல்லும்.

பையன்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு இப்படி ஒரு ரைஃபிள் வாங்க முடியுமா என்று கேட்பார்கள். முடியாது. 7.62 பட்டாள ரைஃபிள் ஆயுதச் சட்டத்தில் தடைசெய்யப்பட்ட வகை. ஆசை இருந்தால் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் ஆரம்பிக்கலாம். அதில் பத்துப் புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது அந்தப் புள்ளியில்தான்; கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்கள் வாங்கியதும் அதில்தான். விசை, மூச்சு, உடம்பு எல்லாம் அங்கே கற்றதே இங்கும் உதவும். உதை மட்டும் இருக்காது.

கடைசியாக நாற்பதைத் தாண்டிய போலீஸ்காரர்களுக்கு. “முன்ன நல்லா சுடுவேன் சார், இப்ப ஏனோ வரமாட்டேங்கு” என்று சொல்பவர்களில் பலருக்குக் கை போகவில்லை, கண் போயிருக்கிறது. தூரத்து டார்கெட் நன்றாகத் தெரியும், முன்குறி மட்டும் இரண்டாகவும் மங்கலாகவும் தெரியும். படிக்கும் கண்ணாடியைப் போட்டால் டார்கெட் காணாமல் போகும். கண்ணாடிக்கடையில் “படிக்க” என்று சொல்லாமல், கண்ணிலிருந்து முன்குறிவரை உள்ள தூரத்தை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டுபோய், அந்தத் தூரத்துக்குத் தெளிவாகத் தெரியும்படி ஒரு கண்ணாடி கேட்க வேண்டும். வலது கண்ணுக்கு மட்டும் போதும். சோதிக்கும்போது தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ரைஃபிள் பிடிக்கும்போது பார்ப்பதுபோல லென்சின் மேல் பகுதி வழியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.